21 கையெழுத்தும் ஒரு தோசையும்

எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் இந்த வாரம் ஒரு காகிதம் கட்டியிருக்கிறார்கள். மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை வேறு. பூட்டிக் கிடக்கும் பப்பை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவர் அனுமதி கேட்கிறாராம். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதலாமாம். நம்மூரில் கம்பத்தில் காகிதம் என்றால் டியூஷன், மூலம்-பவுத்திரம், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. இதுவும் கண்ணீர் அஞ்சலிதான். என்ன, உயிர் போவதற்கு முன்பே ஒட்டி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவருக்குத் தூக்கம் போய்விட்டது. லண்டனில், எங்கள் சவுத்தால் பகுதியில் பேருந்து கட்டும் தொழிற்சாலை ஒன்று இருந்தது, 1979இல் மூடினார்கள். பள்ளி முடித்ததும் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சம்பள நாளில் கால்கள் தானாக இந்தப் பப்புக்குத்தான் வருமாம். இப்போது கையில் அட்டையோடு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். மதுரையிலிருந்து வந்த, பீர் வாசனை பிடிக்காத என் வீட்டுக் கதவையும் தட்டினார். "குடிக்க வேண்டாம் லவ், கையெழுத்து மட்டும் போடு" என்றார்.

இந்த நாட்டில் பப் மேல் கை வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 2017 மே மாதத்திலிருந்து, இடிப்பதானாலும் வேறொன்றாக மாற்றுவதானாலும் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். அதற்கு முன்பே, 2011இல் ஒரு சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள உள்ளூர்க்காரர்கள் 21 பேர் சேர்ந்தால், ஒரு கட்டடத்தைச் சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து என்று பட்டியலில் ஏற்றச் சொல்லி மனுப் போடலாம். எட்டு வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். ஏறிவிட்டால் ஐந்து வருடம் செல்லும். அந்த ஐந்து வருடத்தில் உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் ஆறு வாரத்துக்குள் 'நாங்களும் வாங்கப் பார்க்கிறோம்' என்று கை தூக்கினால், பணம் திரட்ட அவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். இத்தனையும் முடிந்த பிறகு? உரிமையாளர் யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம்! ஊரையே கூட்டிப் பஞ்சாயத்து வைத்துவிட்டு, 'உன் இஷ்டப்படி செய்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவதுபோல் இருக்கிறது.

ஆனால் பிடிவாதம் பிடித்தால் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பைக் கட்டுமான நிறுவனம் ஒன்று அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளியது. போர்க்காலக் குண்டுவீச்சில் தப்பிய கட்டடம் புல்டோசருக்குத் தப்பவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. கட்ட வைத்தார்கள்! 2021இல் திறந்தும் விட்டார்கள். படித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

அந்த உற்சாகத்தில் பேனாவை எடுத்தவளுக்குத்தான் கிளாஸி ஜங்ஷன் நினைவுக்கு வந்தது. சவுத்தால் சவுத் ரோட்டில் இருந்த பஞ்சாபி பப் அது. பிரிட்டனிலேயே முதன்முதலில் இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு பீர் ஊற்றிய இடம் என்று பெயர். 2012இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு என்ன வந்தது தெரியுமா? தென்னிந்திய சைவ உணவகம். பங்க்ரா ஆடிய தரையில் சாம்பார் வாளி. அப்போதெல்லாம் பப்பை உணவகமாக்கத் திட்ட அனுமதி தேவையில்லை. பெரியவர் தூக்கிப் பிடிக்கிற இன்றைய விதி அன்றைக்கே இருந்திருந்தால், கம்பத்தில் காகிதம் தொங்கியிருக்கும், பஞ்சாபித் தாத்தாக்கள் ஆட்சேபம் எழுதியிருப்பார்கள், என் மசால் தோசை ஹீத்ரோவிலேயே நின்றிருக்கும். இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

சரி, அந்த உணவகத்துக்கு நாளை ஒரு கேடு வந்தால் யாராவது காகிதம் கட்டுவார்களா? மாட்டார்கள். 2020 செப்டம்பரிலிருந்து கடை, உணவகம், வங்கி, அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒரே வகுப்பு. ஒன்றை இன்னொன்றாக்க யாரையும் கேட்க வேண்டாம். இட்லி வெந்த இடத்தில் மறுநாளே டிரெட்மில் ஓடலாம். பப்போ தனி ஜாதி.

எனக்கு எரிச்சல் இங்கேதான். நான் வந்த புதிதில் ஒரு இலங்கைத் தமிழர் கடை இருந்தது. முன்பக்கம் முருங்கைக்காய், பின்பக்கம் வாடகைக்கு வீடியோ கேசட். "தங்கச்சி, கறிவேப்பிலை இப்பதான் வந்தது, வேணுமோ?" என்பார் அண்ணன். ஊர்ப் பேச்சு கேட்காமல் வாரம் முழுக்க வறண்டு கிடந்த காதுக்கு அது போதும். கறிவேப்பிலை வேண்டாவிட்டாலும் வாங்குவேன். ஒரு நாள் போனால் ஷட்டர். பிறகு கைபேசி பழுது பார்க்கும் கடை, அதன் பிறகு நகத்துக்குச் சாயம் பூசும் கடை. அண்ணன் கடையைக் காப்பாற்ற 21 பேரைச் சேர்க்கலாம் என்று எங்களுக்கு யார் சொன்னது? இந்தச் சட்டமெல்லாம் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களின் ஞாபகத்தைத்தான் காப்பாற்றும்.

கட்டடத்தைக் காத்தாலும் என்ன? சவுத்தாலின் ஹிமாலயா பேலஸ் திரையரங்கைப் பாருங்கள். 1929இல் சீனக் கோயில் பாணியில் கட்டி, கூரையில் டிராகன்களை உட்காரவைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் டிராகன்கள் பத்திரம். இந்திப் படம்தான் 2010இல் போய்விட்டது.

நமக்கு இந்தப் பட்டியல், படிவம் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. மதுரையில் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர் போய் அங்கே ஜவுளிக்கடை வந்தாயிற்று. என் அம்மா அந்தக் கடைக்குப் போவதாக ஒருநாளும் சொன்னதில்லை. "தங்கத்துல ஒரு சேலை எடுத்தேன்" என்பாள். கோடம்பாக்கத்தில் லிபர்டி தியேட்டர் இல்லை, லிபர்டி இருக்கிறது.

லண்டனிலும் பழைய பெயரை விடாத இந்தக் குணம் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். லேட்டன் பக்கம் பேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப் பந்தயக் கடையாகிவிட்டது. அந்த நாற்சந்திக்குப் பெயர் இன்னும் பேக்கர்ஸ் ஆர்ம்ஸ்தான். ஆனால் அங்கே யாரும் வேறு பெயர் வைத்து மல்லுக்கட்டவில்லையே. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனை காலம்! மேம்பாலத்துக்கு அண்ணா என்று அரசாங்கமே பெயர் வைத்துவிட்டது. அண்ணா மேல் உயிரையே வைத்திருக்கும் ஆட்டோக்காரரிடம் போய் "அண்ணா மேம்பாலம் போகணும்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "ஜெமினிதானே? ஏறு" என்பார்.