256 இடங்கள்

சென்னை ராயப்பேட்டைச் சந்துகளில் ட்ரெடில் அச்சு இயந்திரங்களின் ஓசை ஓய்ந்து, ஈய எழுத்துகள் எடைக்குப் போய்க்கொண்டிருந்த தொண்ணூறுகளில் நான் கணினியில் பக்கம் கட்டும் டி.டி.பி. வேலைக்கு வந்தேன். கேஸ் என்னும் எழுத்துப் பெட்டி முன்னால் நின்று அச்சுக் கோத்தவர்களில் சிலர் விசைப்பலகைக்கு மாறினார்கள். பலர் தொழிலை விட்டே போனார்கள். அந்தக் கலவரம் ஊர் அறிந்தது. அடுத்து வந்த கலவரம் திரைக்குள் நடந்ததால், எங்களைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எல்லாரும் பேஜ்மேக்கர் மென்பொருளில்தான் பக்கம் கட்டினோம். அதில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். அவற்றிலும் கணினி தனக்கென எடுத்துக்கொண்டவை போக மிஞ்சியதற்குள் தமிழின் 247 எழுத்துகளும் கிரந்தமும் அடங்கியாக வேண்டும். எழுத்துரு செய்தவர்கள் கொம்பு, துணைக்கால், புள்ளி என்று துண்டுபோட்டு, ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்காரவைத்தார்கள். யார் எதை எங்கே வைப்பது என்பதற்குப் பொது விதி கிடையாது. திரையில் தெரிந்தது தமிழ். கோப்புக்குள் கிடந்தது ஆங்கில எழுத்தும் ஒட்டுக்குறியும்.

அதன் விளைவுகளை நாங்கள் தினமும் பார்த்தோம். பாமினி எழுத்துருவில் சின்ன 'எஃப்' இருக்கும் இடம் 'க'. பெரிய 'எஃப்' இருக்கும் இடம் 'கு'. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிதாக்கும் வசதி சொற்செயலியில் ஓடிக்கொண்டிருந்தால், 'கடல்' என்று தொடங்கும் வாக்கியம் 'குடல்' என்று தொடங்கும். எழுதியவர்மீதும் பிழையில்லை, தட்டச்சு செய்தவர்மீதும் பிழையில்லை. 173ஆம் இடம் இன்னொரு கண்ணி. கணினிக்கு அது, வரி முறியும்போது மட்டும் தோன்றவேண்டிய இணைப்புக்கோடு. அங்கே வைத்த எழுத்து சில மென்பொருள்களில் மறைந்துபோகும். டிஸ்கி குறியீட்டில் 'இ' அங்கேதான் இருந்தது. பிறகு அதற்கு 254இலும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இனி ஒரே வழி என்று நம்பினோம். ஆனால் கையில் இருந்த எழுத்துருவை விட்டுவிட்டு மாற, வேலை நெருக்கடியில் யாருக்கும் நேரமில்லை. பழையவையும் ஓடின, புதியவையும் ஓடின.

புத்தகக் கண்காட்சி நெருங்கிய ஒரு டிசம்பரில், பதிப்பாளர் ஒருவர் ஃபிளாப்பிகளோடு வந்தார். மறைந்துபோன ஓர் எழுத்தாளரின் நாவல். சாகும் முன் அவர் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித் திருத்திய இரண்டாம் பதிப்பு அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. திறந்தால் பக்கம் முழுக்க ரோமன் குப்பை. எழுத்துருவோடு வந்த, அது இல்லாமல் எழுத்துரு இயங்காத பூட்டுச் சாவிக் கருவி எங்கேயோ தொலைந்திருந்தது. அதை விற்றவர் கடையே இல்லை.

எங்கள் நிலையத்தில் கையால் அச்சுக் கோத்து வந்த அண்ணன் ஒருவர் இருந்தார். முதற்பதிப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, திரையில் தெரிந்ததை வரிவரியாக ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று தாளில் பட்டியல் போட ஆரம்பித்தார்.

"முடியுமாண்ணே?" என்றேன்.

"ஈயத்துல எழுத்தெல்லாம் திருப்பித்தான தம்பி இருக்கும்? அதையே படிச்ச கண்ணு. இதுவும் பழகிடும்."

பழகிவிட்டது. அவர் பட்டியலை வைத்து மாற்றி, முதற்பதிப்பில் இல்லாத வரிகள் ஒவ்வொன்றாகத் தமிழில் தெரியத் தொடங்கியபோது பதிப்பாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு வாசித்துக்கொண்டே இருந்தார்.

2010இல் தமிழக அரசு, ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான ஓர் எண் தரும் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றது. பேஜ்மேக்கருக்கு அது புரியாது. அதற்கு மாற்றாக வந்த இன்டிசைனின் பழைய பதிப்புகளில் 'கொ' என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி எழுத்தைவிட்டு விலகும். 2012இல் வந்த சி.எஸ். 6இல், பத்திகளை வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்னும் வரியமைப்பு வசதியின் கையில் ஒப்படைத்த பிறகே தமிழ் ஒழுங்காக நின்றது. கல்வெட்டு நூல்களில் படமாக வரைந்து ஒட்டிய மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கும் 2019இல் ஒருங்குறியில் இடம் கிடைத்தது.

ஆனால் பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள் மட்டும் ஒரு நூலைக் காப்பாற்றாது. பழைய கோப்புகளில் 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டாகவே அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் ஔவையார் அகப்படமாட்டார், பொருளடைவில் 'ஒ' வரிசையில் போய் நிற்பார். பத்தி நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் அந்த மென்பொருள் தமிழாக்கிக் குலைத்துவிடும்.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது இது: பழைய வட்டுகளை இந்த ஆண்டே திறந்து பாருங்கள். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். ஒருங்குறிக்கு மாற்றியதை அச்சான நூலோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பாருங்கள். எந்த விசையில் எந்த எழுத்து என்பதை விரல்களில் வைத்திருக்கும் தலைமுறை வேலையிலிருந்து ஓய்ந்துகொண்டிருக்கிறது. அவர்களைத் தேடிப்போய் அழையுங்கள். அந்த வேலைக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.