பின்தொடர்ந்து போன இரண்டு ஆசிரியர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரிய நண்பர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

‘டொக்டர் ஹூ’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலத்தைத் தாண்டிப் பயணிக்கும் ஒரு மனிதர். அவரது வாகனம் வெளியே பார்த்தால் ஒரு பொலிஸ் தொலைபேசிப் பெட்டி, உள்ளே போனால் பெரிய மண்டபம். கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், 1963 நவம்பர் 23ஆம் திகதி, பிபிசியில் அதன் முதல் கதை ஆரம்பமானது. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். அப்போது அவருக்கு வயது 24.

கதை தொடங்குவது விண்வெளியில் இல்லை, லண்டனில் ஒரு பாடசாலையில். மணியடித்த பிறகு வரலாற்று ஆசிரியை பார்பராவும் விஞ்ஞான ஆசிரியர் இயனும் சூசன் என்ற 15 வயது மாணவியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். சில பாடங்களில் ஆசிரியரையே மிஞ்சுகிறாள். ஆனால் ஒரு பவுணுக்கு எத்தனை ஷில்லிங் என்பது தெரியவில்லை. தசம முறை என்று நினைத்தேன் என்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. இங்கிலாந்துக்குத் தசம நாணயம் வந்தது 1971இல்தான். ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு நம் நாட்டில் 1872இலேயே வந்துவிட்டது. சூசன் திருகோணமலையில் படித்திருந்தால் அன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்!

வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தரவா என்று பார்பரா கேட்டபோது, தாத்தாவுக்கு வெளியாட்களைப் பிடிக்காது என்கிறாள். பார்பரா அந்த விலாசத்தைத் தேடிப் போகிறார். அது ஒரு பழைய சாமான் போடும் வளவு. பிறகு ஒரு மாலை இருவரும் காரில் காத்திருந்து, அவள் பின்னால் போய், அந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிடுகிறார்கள். ரகசியம் தெரிந்தவர்களை வெளியே விட முடியாதென்று தாத்தா வாகனத்தைக் கிளப்பிவிடுகிறார். அடுத்த மூன்று வாரமும் கற்கால மனிதர்களோடு நெருப்புக்காகப் போராட்டம்.

எல்லாருக்கும் அது சாகசத்தின் ஆரம்பம். எனக்கு அது ஒரு பிள்ளையின் கடைசிப் பாடசாலை நாள். அங்கே படித்த ஐந்து மாதம்தான் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் என்று அவளே சொல்கிறாள். அக்கறையோடு வந்த இரண்டு ஆசிரியர்களால் அது அன்றிரவே முடிந்துபோகிறது. வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவள் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

துறைமுகப் பக்கம் கற்பிக்கும் நமக்கு இது கற்பனை இல்லை. தரம் 10இல் எனக்கொரு மாணவி இருந்தாள். புவியியல் பாடத்தில் வடகீழ்ப் பருவக்காற்று என்றதும் எழும்பி, "வாடைதானே டீச்சர், அது தொடங்கினா எங்கட தோணி வெளிக்கடலுக்குப் போகாது" என்று காற்றுகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஆனால் கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டாள். இடாப்பில் இருந்த விலாசத்தில் அவள் இல்லை. உடனே வீடு தேடிப் போகச் சொன்னார்கள் சிலர்.

நான் அவளிடமே கேட்டேன். "வர வேணாம் டீச்சர். நான் உம்மும்மாவைக் கூட்டி வாறன்" என்றாள். பத்து நாளாயிற்று. உம்மும்மா வந்தார். உம்மா குவைத்தில், வாப்பா இல்லை. பிள்ளைகள் இருவரும் உறவினரின் மீன்வாடியில் ஒரு பக்கத்தில் இருக்கிறார்கள். இது வகுப்பில் தெரிந்தால் பாடசாலைப் பக்கமே வரமாட்டேன் என்று அவள் அழுதிருக்கிறாள். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. அவள் ஓ.எல் எழுதினாள்.

வீட்டுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் பத்து நாள் பொறுக்கக் கூடாது. அதிபரிடம் சொல்லுங்கள், 1929க்கு அழையுங்கள். மற்றபடி, வறுமையை மறைக்கும் பிள்ளைக்கு நம்மிடம் மிச்சமிருப்பது அதன் மானம் மட்டும்தான். கதவை அது திறக்கட்டும், நாம் வாசலில் நிற்போம்.

உங்கள் வகுப்பிலும் ஒரு சூசன் இருப்பாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெயர் குறிப்பிடாமல் கீழே எழுதுங்கள்.