கடலுக்குள் ஒரு செவி

திமிங்கிலத்தை மீன் என்றே நம்மில் பலர் இன்றும் சொல்லி வருகிறோம். அது நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. மீனவர் ஓங்கில் என்று வழங்கும் டால்பினும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

கடலுக்குள் வெளிச்சம் நெடுந்தூரம் செல்லாது. ஒலியோ விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். டால்பினின் உடல் இதற்கென்றே அமைந்தது. மூச்சுத் துளைக்குக் கீழே எழும் 'டிக் டிக்' ஒலியை நெற்றியிலுள்ள கொழுப்புத் திரள் குவித்து முன்னே அனுப்புகிறது. எதிர்ப்பட்ட பொருளில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கி உட்செவிக்குத் தருகிறது. 2009-இல் நம் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட கங்கை டால்பினுக்குப் பார்வை அநேகமாக இல்லை. கலங்கிய ஆற்றில் செவியைக் கொண்டே இரை தேடி வாழ்கிறது. உறக்கமும் விந்தையே. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும். கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது!

அம்பர் என்னும் அரபுச் சொல் அத்தரோடு நம் இல்லங்களில் பழகியது. அதைத் தரும் திமிங்கிலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கிக் கணவாய் தேடும். செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றிக் குடலில் திரள்வதே அம்பர். இன்று அதனை விற்பது நம் நாட்டில் குற்றம்.

இவ்வளவு ஆற்றலும் சில வேளை உதவாமற் போகிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டு ஆழத்துக்குத் தள்ளிவிட்டனர். பல திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. 1973 ஜனவரியிலும் அதே கரையோரம் 147 ஒதுங்கியிருந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஆழ்கடலில் அதனைக் காக்கும் அந்தப் பாசமே கரையோரத்தில் அதன் உயிரை வாங்குகிறது.

எம்.கே.பி. நகரில் குடியிருக்கும் நமக்குத் துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடமும் குரலை உயர்த்தியே பேசுகிறோம். சன்னல்களையேனும் நாம் சாத்திக்கொள்ளலாம். கப்பல் இரைச்சலுக்குத் தப்பத் திமிங்கிலத்துக்குச் சன்னல் ஏது? பெருந்திமிங்கிலங்கள் ஒன்றையொன்று அழைக்கும் தாழ்ந்த குரலும், கப்பல் எந்திரத்தின் முழக்கமும் ஏறக்குறைய ஒரே சுருதி. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் சில நாட்கள் கானடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்தன. அங்கிருந்த திமிங்கிலங்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பும் குறைந்ததை ஆய்வாளர் பின்னர் கண்டறிந்தனர். அதுவரை அவை எத்தனை ஆண்டுகள் அந்த வேதனையோடு நீந்தினவோ!

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என நம் பக்கத்துக் கடலில் இன்று துறைமுகங்கள் மூன்று. அவற்றை மூடச் சொல்வார் யாருமில்லை. நம் தெருக்களில் பல அடுப்புகள் எரிவது அவற்றால்தான். ஆயினும் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான கப்பல்களின் இரைச்சல் குறைகிறது. வான்கூவர் துறைமுகத்தார் 2017-இல் தம் கடலிலுள்ள ஓர்க்கா திமிங்கிலங்களுக்காக, கப்பல்களை மெல்லச் செல்லும்படி கேட்டுக்கொள்ளத் தொடங்கினர். மாலுமிகள் பலர் இணங்கினர். நம் துறைமுகத்தாரும் கேட்டுப் பார்க்கலாம்.