புத்தலவுக்குப் போன பஸ்ஸில்

கொழும்பிலிருந்து மலையேறும் ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடும். 1924இல் தண்டவாளம் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய நிலையம்தான் ஹாலிஎல. நாங்கள் ரயிலைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போகும் வெல்லவாய பஸ்ஸுக்காக நின்றோம். நானும், எங்கள் தோட்டத்து செபக்கூட்டத்தை நடத்துகிற அக்காவும்.

எங்கள் லயத்துச் செபங்களில் அதிகம் கேட்கும் மன்றாட்டு, "ஆண்டவரே, வழி காட்டும்" என்பதுதான். வழி என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு வழி. ஏஜென்சிக்காரன் சொன்ன வீடு நல்ல வீடாக இருக்க வேண்டும், கொழும்புக் கடையில் வேலைக்குப் போன பையன் கெட்டுப்போகக் கூடாது. இவற்றைச் சின்ன மன்றாட்டுகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாட்கூலியில் ஓடும் வீட்டில் இதைவிடப் பெரிய கேள்வி எது?

ஆனால் எங்கள் இதே ஊவா மாகாணத்தில் வேறு திசையில் வழி கேட்டவர்களும் இருந்தார்கள். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியில் 1959 முதல் ஆயராக இருந்த லியோ நாணயக்கார இங்கே வந்தார். அவர் பெனடிக்ட் சபைத் துறவி. கண்டி பழைய, வசதியான மறைமாவட்டம். அதை விட்டுவிட்டு, கத்தோலிக்கர் சிறு தொகையாக, அதிலும் பலர் தோட்டத் தொழிலாளராக இருந்த இடத்துக்குத் தாமே விரும்பி வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். குருமாணவர் மக்களோடு வாழ்ந்து கற்க வேண்டும் என்று பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பயிற்சி இல்லத்தையும் தொடங்கினார்.

அங்கே கற்பித்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோவைத் தேடித்தான் எங்கள் பயணம். ஐரோப்பாவில் படித்துப் பட்டம் பெற்ற இறையியலாளர் அவர். 1980இல் புத்தல பக்கத்துப் பௌத்த கிராமம் ஒன்றில் குடிசை போட்டு, 'சுப செத் கெதர' என்று பெயர் வைத்துக் குடியேறினார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. ஏழை விவசாயிகளோடு இருக்கப் போனார்.

இராவணன் எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்ததும் குளிர் விட்டுப்போய்விடும். வெல்லவாயவில் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே அக்காவிடம் மீதியைச் சொன்னேன். 1987இல் தெற்கில் கிளர்ச்சி மூண்டிருந்தது. அந்தக் குடிசைக்கும் மிரட்டல் வந்தது. இருப்பதா, கிளம்புவதா? அவர் அதைத் தனியே முடிவு செய்யவில்லை. உடனிருந்த கன்னியரோடு உட்கார்ந்து பேசினார், செபித்தார். தங்கினார்கள். நவம்பர் 10ஆம் திகதி மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செபம் பண்ணித்தானே தம்பி இருந்தாரு? அப்பறம் ஆண்டவரு காட்டுன வழி என்னங்க இது?" என்றார்.

இந்தக் கேள்வியைச் சுற்றிப்போக முடியாது. நான் நம்புவதைச் சொன்னேன். வழிகாட்டுதலைப் பாதுகாப்புக்குக் கிடைக்கும் உத்தரவாதமாக நாம் ஆக்கிக்கொண்டோம். கெத்சமனியில் இயேசு கேட்டதும் வழிதான், கிடைத்தது சிலுவை. அந்தச் சனத்தை ஆபத்தில் விட்டுப் போவதா என்பதுதான் ரொட்ரிகோ சுவாமிக்கு முன்னிருந்த கேள்வி. ஆண்டவர் அதற்குப் பதில் சொன்னார் என்றே நான் நம்புகிறேன். எங்கள் தோட்டங்களில் இவரைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

புத்தலவில் இறங்கும்போது கதிர்காமம் போகும் சனத்தால் பஸ் நிலையம் நிறைந்திருந்தது. அக்கா தன் கேள்வியை விடவில்லை; அது இப்போது வேறு இடத்துக்குப் போயிருந்தது. குவைத்தில் மகளுக்கு ஒப்பந்தம் முடியப்போகிறது. எஜமானி இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்கிறாளாம்.

"வான்னு சொல்லவா, இருன்னு சொல்லவான்னு நான் மட்டும் முழங்கால்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. அவகிட்ட கேக்கவே இல்ல. அவ புள்ளைககிட்டயும் கேக்கல."

வெள்ளிக்கிழமை செபத்துக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து, ஃபோனில் மகளையும் சேர்த்துக்கொண்டு பேசுவது என்று அங்கேயே முடிவானது. குவைத் நேரத்துக்கு அவளுக்கு எப்போது வேலை ஓயும் என்று கேட்டு என்னிடம் சொல்வதாக அக்கா சொன்னார்.