ரெயில் சத்தமில்லாமல் தேய்கிறது

விஎம்சி மெஷினில் எக்ஸ் அச்சு சரியில்லை என்று யாராவது அழைத்தால், வைஸ் டேபிளில் எங்கே மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஒரே பாகத்தை வருடக்கணக்கில் ஓட்டும் பட்டறைகள் உண்டு. வைஸ் நடுவை விட்டு நகராது. டேபிள் ஓடும் ரெயில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக இருந்தாலும் உழைப்பதும் தேய்வதும் நடுப்பகுதிதான். அந்த ரெயிலில், அதன் மேல் ஓடும் பிளாக்கை மட்டும் புதிதாக மாட்டுவது வீண் செலவு. நடுவில் ஆட்டம் அப்படியே இருக்கும், ஓரத்துக்குப் போனால் இறுகும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எனக்கு ஸ்கிரேப்பிங் சொல்லிக்கொடுத்தவர் ரோடியர் மில்லில் பிட்டராக இருந்தவர். லேத் பெட் தேய்ந்திருந்தால் ப்ளூ தடவி, மேடு எங்கே என்று பார்த்து, பொறுமையாகச் சுரண்டியே அதை மீட்டுவிடுவார். ரெயிலும் பிளாக்கும் சேர்ந்த எல்எம் கைடில் அதற்கு வழியில்லை. ஜப்பானின் டிஎச்கே நிறுவனம் 1972-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இது. பிளாக்குக்குள் பந்துகள் உருண்டு ஓடுவதால் உராய்வு குறைவு, வேகம் அதிகம். ஆனால் கடினப்படுத்திய அந்த மேற்பரப்பு ஒருமுறை உரிந்துவிட்டால் எந்தக் கைவேலையும் அதைக் காப்பாற்றாது.

கைடின் உறுதி முழுவதும் ப்ரீலோடில் இருக்கிறது. இடைவெளியைவிடச் சில மைக்ரான் பெரிய பந்துகளைப் போட்டு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சில மைக்ரான் தேய்ந்தாலும் அலாரம் வராது, மெஷின் நிற்காது. நேற்றுவரை அமைதியாக வெட்டிய ஆழத்திலேயே கட்டர் அதிரும், பினிஷ் கெடும். உடனே பால்ஸ்க்ரூவின் மேல் பழியைப் போட்டுக் கழற்றிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. முதலில் டயலை வையுங்கள். டேபிள் ஓடும் திசையில் ஆட்டம் இருந்தால் ஸ்க்ரூவையோ அதன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். குறுக்கிலோ மேலும் கீழுமோ ஆடினால் கைடைப் பாருங்கள்.

டயலுக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான வெள்ளை பனியன் துணியால் ரெயிலின் பள்ளத்தை ஒருமுறை துடைத்துப் பார்ப்பேன். தெளிந்த எண்ணெய் வந்தால் நிம்மதி. கறுத்து வந்தால் பொடி அரைபடுகிறது. மினுமினுவென்று செதில் ஒட்டினால் மேற்பரப்பு உரியத் தொடங்கிவிட்டது. செங்காவியாக வந்தால் துரு.

பந்து கைடில் சுமை இரட்டிப்பானால் கணக்குப்படி ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். ஆனாலும் நான் கழற்றிய கைடுகளில் சுமையால் போனவை குறைவு. எண்ணெய் கிடைக்காமல் போனவையே அதிகம். பம்ப் ஓடும், ஆனால் எண்ணெயை அளந்து விடும் சின்ன வால்வு அடைத்திருக்கும். "மாசக்கணக்கா டேங்க்ல ஆயில் குறையவே இல்லீங்க" என்று ஆபரேட்டர் சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தூளைத் தடுக்கும் வைப்பர் கிழிந்தாலும் அப்படித்தான். வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போனபின் எத்தனை நல்ல எண்ணெய் ஊற்றியும் பயனில்லை.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை தனியாக உண்டு, உப்புக் காற்று. ஐப்பசி கார்த்திகை மழையில் நாலைந்து நாள் மெஷினை அணைத்து வைத்தால், காய்ந்த ரெயிலில் பந்துகள் தொட்டு நின்ற இடத்திலெல்லாம் துரு பிடிக்கும். விரல் நகத்தை ரெயிலில் இழுத்தால் டிக், டிக் என்று சம இடைவெளியில் தட்டும். அந்த இடைவெளி பந்துக்குப் பந்து உள்ள தூரம். அங்கிருந்துதான் பிறகு உரிதல் தொடங்குகிறது. ஓடாத மெஷின் தேயாது என்பது கடலோரத்தில் செல்லாது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பட்டறையைப் பூட்டும் முன் கூலன்ட் ஈரத்தைத் துடைத்துவிட்டு, மூன்று அச்சையும் முழு நீளத்துக்குப் பலமுறை ஓட்டி, ரெயில் முழுக்க எண்ணெய் படிந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தபின் மெயினை அணையுங்கள்.