கம்பத்தில் வெயில் சீக்கிரம் மறையும்

நாட்காட்டியில் போட்டிருக்கும் சூரிய அஸ்தமன நேரத்தை நம்பிக் கம்பத்தில் படம் எடுக்கப் போகக் கூடாது. மேற்கே கம்பம்மெட்டு, கிழக்கே மேகமலை, இடையில் பள்ளத்தாக்கு. காலையில் கிழக்கு மலையைத் தாண்டி வெயில் தரைக்கு வந்துசேர நேரமாகும். மாலையில் வானம் வெளுப்பாக இருக்கும்போதே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும், தோட்டங்களில் நிழல் விழுந்துவிடும். படம் எடுப்பவர்கள் ஆசைப்படும் அந்தச் சாய்ந்த மஞ்சள் வெயில் இங்கே கொஞ்ச நேரம்தான்.

இதை எனக்குச் சொன்னவர் கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். பிலிம் காலத்தில் இருட்டறையில் தொழில் பழகியவர். இப்போது காதுகுத்து, கல்யாணம், சடங்கு எல்லாம் டிஜிட்டலில்தான். அவரிடம் தொழில் பழகும் பையன்கள் இருவரோடு சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து செய்வதால் வருசம் முழுக்க எங்காவது ஓரிடத்தில் பறிப்பு நடந்துகொண்டே இருக்கும். புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு இது பெரிய வசதி. கேமரா தடுமாறும் வெளிச்சங்கள் எல்லாமே பந்தலுக்கு அடியில் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

முதல் தடுமாற்றம் நிறம். இலைகளுக்குள் புகுந்து வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்குகிறது. நம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்ளும், கேமரா அந்த அளவுக்குச் செய்யாது. குலை வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டுவிட்டுப் பையன் எடுத்த முதல் படத்தில் அவர் முகம் பச்சையோடிப் போயிருந்தது. அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை அதே வெளிச்சத்தில் பிடித்து அதைப் படமெடுக்கச் சொன்னார். இதுதான் வெள்ளை என்று ஒயிட் பேலன்ஸில் கேமராவுக்குக் காட்டிக்கொடுத்ததும் நிறம் பெருமளவு திரும்பியது. மீதியையும் மீட்க அவர் செய்தது இன்னும் எளிது. “அக்கா, இங்கிட்டு ரெண்டு எட்டு வாங்க” என்று பந்தலின் ஓரத்துக்கு வரச் சொன்னார். திறந்த வானத்தின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் முகம் முகமாக வந்தது. கேமராவில் எந்தப் பட்டனைத் தொடுவது என்று தேடுவதற்கு முன்னால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அன்று நான் கற்றதில் முதலிடம் இதற்குத்தான்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. எதைப் பார்த்தாலும் கேமரா அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே கணக்குப் போடும். ஆளுக்குப் பின்னால் வெயில் இருந்தால் முகத்தைக் கருக்கிவிடும், அப்போது எக்ஸ்போஷரை பிளஸ் 1-க்கு ஏற்ற வேண்டும். சட்டம் முழுக்கக் கறுத்த திராட்சைக் குலையாக இருந்தால் அதை வெளுக்கடித்துவிடும், மைனஸ் பக்கம் கொஞ்சம் இறக்க வேண்டும். வெள்ளை வேட்டிக்கு மறுபடி பிளஸ். எல்லா டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் இந்த வசதி இருக்கிறது, ஆனால் வாங்கிய பலர் அதைத் தொட்டதே இல்லை.

குலையின் மேல் மெல்லிய சாம்பல் மாவு படிந்திருக்கும். விரல் பட்டால் அழிந்துபோகும். அதனால் பறிப்பவர்கள் காம்பைப் பிடித்தே வெட்டுகிறார்கள். படம் பளபளப்பாக வரட்டும் என்று பையன் ஒருவன் குலையைத் துடைக்கப் போனான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். “தொடாதப்பா, மாவு போச்சுன்னா வெல போச்சு.” படத்துக்கும் அந்த மாவுதான் வேண்டும். நேர் ஃப்ளாஷ் அதை அமுக்கிவிடும், பக்கவாட்டு வெளிச்சம் அதை எழுப்பிக் காட்டும்.

ஆனி, ஆடியில் கேரளப் பக்கமிருந்து மலைக்கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். இலை, குலை, சேலை முந்தானை எல்லாம் ஆடும். அப்போது ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது, அதற்காக ஐஎஸ்ஓவை 800, தேவைப்பட்டால் 1600 வரைக்கும் ஏற்றலாம். புள்ளிபுள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வந்தாலும் படம் படமாகவே இருக்கும். ஆடிப்போன படத்தை மீட்க வழியில்லை.

பையன்கள் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கேமராவை இறக்கச் சொன்னார். 36 படம் கொண்ட ரோலில் பழகியவர் அவர். வெட்டுவது, அழுகின காயைக் கத்தரி முனையால் கிள்ளுவது, திருப்பிப் பார்ப்பது, பெட்டியில் வைப்பது என்ற வரிசையை முதலில் பார்த்துப் பழகச் சொன்னார். திருப்பிப் பார்க்கும் அந்த நொடியில் அக்காவின் கண்ணும் கையும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. ஃபோகஸைக் கண்ணில் வைத்துக் காத்திருந்து எடுத்தால் ஒன்றே போதும்.

லெனின் பாரதி இயக்கி 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்தைப் பையன்கள் இருவரையும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். சுமையோடு மலையேறும் ஆளையும் அந்த மலையின் பருமனையும் ஒரே சட்டத்தில் வைப்பது எப்படி என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் பாடம் அது.

திரும்பும் வழியில் அண்ணன் சொன்னது மனதை அறுத்தது. ஸ்டுடியோ கதவை அகாலத்தில் தட்டுபவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள். வாக்காளர் அட்டையையோ ரேஷன் கார்டையோ நீட்டி, அதிலிருக்கும் தீப்பெட்டி அளவுப் படத்தைப் பெரிசாக்கித் தரச் சொல்வார்கள். “காலம் பூரா தோட்டத்துல வேல பாத்த மனுசனுக்கு நல்ல படம் ஒண்ணு கிடையாது தம்பி” என்றார். அன்றைக்கு எடுத்ததில் அக்காவின் படத்தை நாலுக்கு ஆறில் அச்சிட்டு, மறுநாள் பையன் கையில் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினார். அதற்கு அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை.

திராட்சைத் தோட்டத்துக்கும் சுருளி அருவிக்கும் மேகமலைக்கும் கேமராவோடு வருபவர்கள் நிறையப் பேர். வேலை செய்பவர்களை எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்தால், கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ ஒரு ஸ்டுடியோவில் ஏறி அச்சிட்டு, அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்புங்கள்.