ஐந்து விநாடி

நெசவு, பித்தளை வார்ப்பு என்று நான் எழுதுவதைப் படிக்கும் நண்பர் ஒருவர், சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்பவர். "நம்ம தாம்பரத்துலயே ஒரு கைத்தொழில் இருக்கு, வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார். முடிச்சூர் சாலையில் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி. பல ஊர் நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வேலையைக் காட்டியவர் திண்டிவனம் பக்கத்துப் பெண். அன்று வந்திருந்த புகார் (டிக்கெட் என்கிறார்கள்): பில்லிங் சாப்ட்வேர் திறக்க நேரமாகிறது, நெட் ஸ்லோ. அவர் வாடிக்கையாளரைப் போனில் அழைத்து ஒன்றுதான் கேட்டார்: "சார், கூடக் குறைய ஆகுதா, எப்பவும் ஒரே நேரம்தானா?"

ஒரே நேரம்தான்.

"அப்போ இது நெட் இல்ல" என்றார் என்னிடம். "நெட்டுன்னா ஏறும், இறங்கும். ஒரே கணக்கா நிக்குதுன்னா யாரோட பதிலுக்கோ காத்துக்கிட்டு இருக்கு."

ஒரு சர்வர் இன்னொன்றிடம் பேசுமுன் பெரும்பாலும் அதன் பெயரைக் கொடுத்து எண் முகவரியைக் கேட்டு வாங்குகிறது. 1980களின் தொடக்கம் வரை அந்தப் பெயர்களெல்லாம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. வலை பெருத்ததும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த முறைதான் இன்றைய டிஎன்எஸ். யாரிடம் கேட்பது என்பதை லினக்ஸ் ஒரு சின்னக் கோப்பில் வைத்திருக்கிறது. அதில் வரிசையாக மூன்று முகவரிகள் வரை எழுதலாம். முதலாமவர் பதில் சொல்லாவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, ஐந்து விநாடி காத்திருந்துதான் அடுத்தவரிடம் போகும்.

டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டார். சர்வரின் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் நேரத்தோடு காட்டுவது அது. அவர் பார்த்தது இடது ஓரத்து நேரத்தை மட்டும். முதல் முகவரிக்குக் கேள்வி போனது, பதில் இல்லை. ஐந்து விநாடி கழித்து அதே கேள்வி இரண்டாவது முகவரிக்குப் போனது. கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை வைத்து, "இங்கதான் சார்" என்றார். பில்லிங் இரண்டு பெயர்களைத் தேடுகிறது. தேடலுக்கு ஐந்து, ஆகப் பத்து விநாடி.

முதல் முகவரிக்குப் பிங் போட்டால் பதில் வந்தது. ஆள் இருக்கிறான், பெயர் கேட்டால்தான் வாய் திறப்பதில்லை. அங்கே பயர்வால், பெயர் கேட்கும் வாசலான 53ஆம் போர்ட்டுக்கு வருவதைச் சொல்லாமல் வீசி எறிகிறது. "முடியாதுன்னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்லியிருந்தா, உடனே அடுத்தவங்ககிட்ட போயிருக்கும். பேசாம இருக்கறதுதான் கழுத்தறுப்பு." கோப்பை மட்டும் திருத்தினால் சர்வரை மறுபடி எழுப்பும்போது பழைய முகவரியே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் முகவரியை வழங்கும் ரவுட்டரிலேயே மாற்றினார்.

இவருக்கு டிப்ளமோ முடித்ததும் மெப்ஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில், நின்றபடியே சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. மாலையில் லினக்ஸ் வகுப்பு. சேலையூரில் மூன்று பேர் பகிர்ந்த அறை, இரவல் மடிக்கணினி. இன்று ராத்திரி இரண்டு மணிக்கு எந்த சர்வர் விழுந்தாலும் இவருக்குத்தான் போன்.

ஆனால் இவர் இந்த அலுவலகத்தின் ஊழியர் அல்ல. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் கணக்கில் இருக்கிறார். வாடிக்கையாளர் அலுவலகத்துக்குத் தருகிறார், அலுவலகம் ஏஜென்சிக்குத் தருகிறது, மிச்சம் இவருக்கு. நடுவில் எவ்வளவு நின்றது என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை. அந்த ஏஜென்சிக்காரருக்கு 53ஆம் போர்ட் எது என்று தெரியாது. தெரியாமலே மாதாமாதம் அவர் பங்கு போய்ச் சேர்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தரவேண்டும் என்றது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். தொழிலாளர் சட்டங்களிலிருந்து ஐடி துறைக்கு விலக்கில்லை, சங்கம் வைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவாக்கியது. இரண்டையும் இந்த மாடியில் யாரும் இவருக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லாமல் விட்டதில் லாபம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட்டை மூடும்போது பலர் 'ரீஸ்டார்ட் செய்தோம்' என்று எழுதிவிடுவார்கள். இவர் காரணத்தை, நேரக் குறிப்புகளோடு, ஒரு பக்கம் எழுதினார். அந்த அறிக்கை நிறுவனத்தின் பெயரில்தான் வாடிக்கையாளருக்குப் போகும். அதன் அடியில் இவர் பெயர் இருக்க வேண்டும். ஏஜென்சி எடுத்துக்கொண்ட தொகை இவர் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.